ஞாயிற்றுக்கிழமை லாரி எண்ணுகிறவர்

விழுந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் 'எழுந்துவிடும்' என்று சொல்லுகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. விழுந்த மனிதரைப் பார்த்துச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடலாம். இவர்கள் சொல்வது விழுந்த கம்பெனியைப் பார்த்து. நன்றாக நடக்கும் கம்பெனியின் பங்கை இவர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். மூன்று வருடமாக நஷ்டம், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, பெரிய அதிகாரிகள் இருவர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகல், உலை ஒன்று அணைப்பு என்று பேப்பரின் மூலையில் நாலு வரி வந்தால் போதும், நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள்.

இந்த இனத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தெருவில் அவருக்கு 'சுழற்சி' என்று பெயர். "சிமென்ட், இரும்பு, சர்க்கரை எல்லாமே ஒரு சுழற்சி. சில வருஷம் படுக்கும், சில வருஷம் எழும். படுத்திருக்கும்போது வாங்கணும், எழுந்ததும் வித்துடணும்" என்று ஸ்க்ரூடிரைவரை ஆட்டிக்கொண்டே சொல்வார். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பார்த்தீர்களா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொழிலில் அவர் மகா கறார். யாராவது பழைய ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்தால் குனிந்து காதை வைப்பார், இரண்டு தட்டு தட்டுவார், நிமிர்வார். "கம்ப்ரஸர் போயிடுச்சு. தேறாதும்மா. இதுல காசைக் கொட்டாதீங்க." அவ்வளவுதான். அந்த அம்மாள் கண்ணைக் கசக்கினாலும் மாற்றிச் சொல்லமாட்டார். இப்படிப்பட்ட மனுஷன்தான், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு சிமென்ட் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். எந்தப் பணத்தில்? வாடகைக்கு இருக்கும் கடையைச் சொந்தமாக வாங்குவதற்காக, அவரும் தையல் வேலை செய்யும் அவர் மனைவியும் பதினோரு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில். கடைச் சொந்தக்காரர் ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். "அதுவரைக்கும் சும்மா கிடக்கிற பணம்தானே" என்றார் மெக்கானிக். சும்மா கிடப்பது எவ்வளவு நல்ல குணம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பங்கு நாற்பது ரூபாயில் வாங்கியபோது "இதுக்குக் கீழ போகாது" என்றார். இருபத்தெட்டில் இன்னும் கொஞ்சம் வாங்கி, "போகவே போகாது" என்றார். பத்தொன்பதில் "போகட்டுமே, அப்பத்தான் மலிவா கிடைக்கும்" என்றார். கம்பெனி அறிக்கையில் 'சொத்துகளைச் சீரமைத்து வருகிறோம்' என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார்.

ஆனால் இந்த இனத்துக்கு அறிக்கை மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் போய், ஆலைக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். வாசலிலிருந்து வெளியே வரும் லாரிகளை எண்ணுவார். முதலில் மூன்று. அடுத்த மாதம் ஏழு. அதற்கடுத்த மாதம் பதினாலு! எல்லாம் தார்ப்பாய் போர்த்தி, டயர் அமுங்க, திணறிக்கொண்டு போகும் லாரிகள். 'சரக்கு பறக்கிறது' என்று எழுதிக்கொண்டார். வாசல் காவலாளி இவரைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்து வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அதையும் எழுதினார்: 'ஊழியர் முகத்தில் தெம்பு. நல்ல அறிகுறி.'

மனைவி துணி கத்தரித்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னங்க, வெளிய வர்ற லாரியை எண்ணுறீங்க சரி. உள்ள போற லாரி எத்தனை?"

"அதை எதுக்கு எண்ணணும்? விக்கிறதுதானே வருமானம்!"

"கரி கூட உள்ள போகாம சிமென்ட் எப்படிங்க வெளிய வரும்?"

"உனக்கு இந்தச் சுழற்சியெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு, மிச்சம் மீதி இருந்ததற்கும் வாங்கிப் போட்டார்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு லாரி கூட இல்லை. காவலாளியே சாலையைத் தாண்டி பெஞ்சுக்கு வந்தார். சல்யூட் இல்லை.

"சார், புது மெஷின் எப்ப வருது?"

"புது மெஷினா?"

"பழசையெல்லாம் பிரிச்சு ஏத்தி அனுப்பியாச்சே சார். நேத்தோட கடைசி லோடு. உள்ள வெறும் கொட்டகைதான் நிக்குது."

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

காவலாளி நோட்டைப் பார்த்தார். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? வாரம் தவறாம வந்து ஒண்ணு விடாம எழுதுறீங்க. விஷயம் தெரிஞ்சவர் இவ்வளவு அக்கறையா எண்ணுறார்னா கம்பெனி எழுந்துடும்னு நம்பித்தானே, பொண்ணு காலேஜுக்கு வச்சிருந்ததுல நானும் ஷேர் வாங்கினேன்!"

"எத்தனையில வாங்கினீங்க?"

"பத்தொன்பதுல சார்."

நம்மை விட மலிவாக வாங்கியிருக்கிறாரே என்று மெக்கானிக்குக்கு ஒரு கணம் வயிறு எரிந்தது. அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. அவர் சிரிப்பை நம்பி இவர் வாங்கியிருக்கிறார், இவர் நோட்டை நம்பி அவர் வாங்கியிருக்கிறார், இருவர் கண் முன்னாலேயே ஆலை லாரி ஏறிப் போயிருக்கிறது. திரும்பி வந்த இரண்டு பஸ்ஸிலும் முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து மனுஷன் உருகிப்போனார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி நோட்டை நீட்டினார். மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, குனிந்து நோட்டின் மேல் காதை வைத்து, இரண்டு தட்டு தட்டி நிமிர்ந்தார்.

"தேறாதுங்க. இதுல காசைக் கொட்டாதீங்க."

கொட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பங்கை இரண்டு ரூபாய்க்கு விற்றார். கடையை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். இப்போது ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜுகள் வீட்டுக் கூடத்தில் நிற்கின்றன. மனைவி தையல் மெஷினுக்குப் போக உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். நுழையும்போதெல்லாம் அவர் ஒரு ஃப்ரிட்ஜை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார். அதைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. ஷேர் என்ற வார்த்தையையே நாலு மாதம் எடுக்கவில்லை, பாவம், திருந்திவிட்டார்.

போன வாரம் காவலாளியிடமிருந்து போன் வந்தது.

"சார், இப்ப ஒரு சர்க்கரை ஆலையில வேலைக்கு நிக்கிறேன். ஒரு மாசமா புகையே வரலை சார்."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

மெக்கானிக் தையல் மெஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜுகளுக்குப் பின்னால் போய் குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்ல டீக்கடை இருக்கா?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயாவது, இரண்டுக்கு விற்காமல் வைத்திருந்தால் தேறியிருக்குமோ என்று உங்கள் மனம் ஒரு கணக்குப் போட்டதா? அந்தச் சர்க்கரை ஆலை எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றியதா? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுங்கள். பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். ஒன்று மெக்கானிக்குக்கு, ஒன்று எனக்கு. சிமென்டில் நானும் இருபத்தெட்டில்தான் வாங்கினேன். இந்தத் தடவை உள்ளே போகிற லாரியையும் எண்ணுவதாக இருக்கிறோம்.