டப்பாவா, தேநீரா: புனிதமலர் மீது ஓர் ஒப்பாய்வு

மனிதகுலத்தின் களைப்பைப் போக்க இரண்டே இரண்டு வழிகள்தான் உண்டு. இரண்டும் இத்தாலியின் பலேர்மோ நகரில், சிஞ்ஞோரா ஒர்னெல்லா அம்மையாரின் குசினி மேசையில் இருந்தன. ஒன்று, சிபிடி என்னும் சத்துக் கலந்த டப்பாப் பானம். அது கஞ்சாச் செடிக்குத் தங்கச்சி முறையான செடியில் இருந்து வருகிறது. வெறிக்காது, அமைதி தரும். மற்றது, உடலின் நஞ்சுகளை விரட்டும் மூலிகைத் தேநீர். ஓய்வு என்று மூன்றாவதாக ஒன்று இருப்பதாகச் சில விவரம் கெட்டவர்கள் சொல்லித் திரிகிறார்கள். அதற்கு டப்பாவும் இல்லை, லேபிளும் இல்லை. ஆகவே நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

புனிதமலர் அந்த விவரம் கெட்டவர்களில் ஒருத்தி. மன்னாரில் பிறந்து, பலேர்மோவின் சீசாப் பகுதியில் குடியிருந்து, சிஞ்ஞோராவின் வீட்டில் சமைத்துத் துடைத்துக் கழுவுகிறவள். அவளுடைய ஒப்பந்தத்தில் ஞாயிறு விடுமுறை என்று இருந்தது. ஒப்பந்தம் அலுமாரியில் இருந்தது. ஞாயிறுகளில் சிஞ்ஞோராவின் சொந்தபந்தம் பன்னிரண்டு பேர் சாப்பிட வருவதால், புனிதமலர் குசினியில் இருந்தாள்.

வருகிற மே மாதம் ஒரு ஞாயிறு, அவளுடைய ஒரே மகள் அமலினிக்கு முதல் நன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளைச் சட்டை தயார், பூமுடி தயார், கோயில் தயார். தாய்தான் பாக்கி.

செப்டம்பரிலேயே கேட்டுவிட்டாள். "சிஞ்ஞோரா, அந்த ஒரு ஞாயிறு மட்டும் எனக்கு வேணும்."

சிஞ்ஞோரா இரக்கத்தோடு பார்த்தார். "பாவம், உன் உடம்பெல்லாம் நஞ்சு. அதுதான் இப்படிக் கேட்க வைக்கிறது." ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார்.

"நஞ்சில்லை அம்மா, மன அழுத்தம்" என்று மகள் ஃபெடெரிக்கா ஒரு டப்பாவை உடைத்தாள்.

தாய் தேநீர் விற்பவர். மகள் சிபிடி விற்பவள். ஒரே கடை, எதிரெதிர் அலுமாரிகள். எது சிறந்தது என்ற சண்டையை விஞ்ஞான முறைப்படி தீர்ப்பதென்று அன்றே முடிவாயிற்று. ஒரு கிழமை ஏழு நாளும் டப்பா, மறு கிழமை தேநீர். குடிப்பவர் புனிதமலர், குறிப்பேட்டில் எழுதுபவர்கள் மற்ற இருவரும். இதைவிட நியாயமான வேலைப் பங்கீட்டை யார்தான் செய்ய முடியும்?

எட்டு மாதம் கழித்து மீளாய்வுக் கூட்டம் கூடியது.

"என் கிழமைகளில் அவளிடம் ஆழ்ந்த 'அமைதி' காணப்பட்டது" என்று ஃபெடெரிக்கா வாசித்தாள். புனிதமலர் அயன் பெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியதைத்தான் அப்படி எழுதியிருந்தாள்.

"என் கிழமைகளில் அபாரமான 'சுறுசுறுப்பு'. காலையில் மட்டும் ஐந்து தரம் ஓடினாள்" என்றார் சிஞ்ஞோரா. எங்கே ஓடினாள் என்பதைக் குறிப்பேடு நாகரிகம் கருதித் தவிர்த்திருந்தது.

"சிஞ்ஞோரா, அந்த ஞாயிறு..." என்று தொடங்கினாள் புனிதமலர்.

"இன்னும் குணமாகவில்லை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தாயும் மகளும் ஒத்துப்போனது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

அன்று மாலை, வுச்சீரியாச் சந்தையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் கணவன் றோபேட்டிடம் அவள் அழுதேவிட்டாள்.

"பிள்ளை நன்மை வாங்கேக்கை நான் ஆற்றையோ வீட்டுக் கோழியைப் பொரிச்சுக்கொண்டு நிக்கப்போறன்!"

"வடிவாக் கேட்டனீரோ?"

"எட்டு மாசமாக் கேக்கிறன். கேக்கிற நேரமெல்லாம் குடிக்கத் தாறா. ஒரு கிழமை கஞ்சாத் தண்ணி, மற்றக் கிழமை பேதி."

"கஞ்சாவோ!" றோபேட்டின் முகம் மலர்ந்தது. "வெறிக்குமோ?"

"வெறிக்காது."

"பேந்தென்னத்துக்கு அது?" அவனுக்கு ஆர்வம் போய்விட்டது. "மற்றது பேதியெண்டு எப்பிடித் தெரியும்?"

"நிலாவரை மணம் எனக்குத் தெரியாதே? பஸ்ஸுக்குள்ள நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும்."

"உமக்கென்ன விசரே! பேதி குடிச்சவை ஆரும் வேலைக்குப் போறவையே? கஞ்சியைக் குடிச்சுப்போட்டு நாள் முழுக்க வீட்டிலையெல்லோ கிடக்கிறது!"

புனிதமலர் அழுகையை நிறுத்தினாள்.

மறுநாள் காலை அவள் மிகுந்த பணிவோடு சொன்னாள். "சிஞ்ஞோரா, உங்கட தேயிலை நல்ல தேயிலைதான். குடிக்கிற முறைதான் பிழை. எங்கட நாட்டிலை இதைக் குடிச்சால் அண்டைக்கு முழுநாளும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. செய்தால் போன நஞ்சு திரும்பி வந்திடும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம்."

சிஞ்ஞோராவின் கண்கள் விரிந்தன. "எத்தனை காலத்து முறை இது?"

"மூவாயிரம் வருஷம்" என்றாள் புனிதமலர் கூசாமல்.

"முட்டாள் பெண்ணே, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!" சிஞ்ஞோரா அவளைக் கட்டியணைத்தார். ஞாயிறு அந்த இடத்திலேயே, முழுச் சம்பளத்தோடு வழங்கப்பட்டது. சொந்தபந்தங்களுக்குக் கடையில் சாப்பாடு எடுப்பதென்றும் தீர்மானமாயிற்று. ஒரேயொரு நிபந்தனை: ஆய்வு நடப்பதால், தொலைபேசியில் அவ்வப்போது நிலவரம் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு புனிதமலர் பால் விடாத வெறும் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, சேலை கட்டி, முன்வரிசையில் போய் நின்றாள். அமலினி நன்மை வாங்கித் திரும்பி வந்து தாயைப் பார்த்துச் சிரித்தாள். புனிதமலரும் கையசைத்துச் சிரித்தாள். சரியாக அந்நேரம் கைபேசி அதிர்ந்தது. அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நஞ்சு போகிறதா?" என்றார் சிஞ்ஞோரா.

"போகுது சிஞ்ஞோரா."

"ஆட்கள் பாடுகிற சத்தம் கேட்கிறதே?"

புனிதமலர் ஒருகணம் மாதா சுரூபத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். "முறை சிஞ்ஞோரா. போகேக்கை சுத்தி நிண்டு பாட வேணும்."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அவள் முகம் பூரித்து, கோயில் பாட்டை முணுமுணுத்தபடி வேலைக்கு வந்ததைக் கண்டு ஃபெடெரிக்கா தோல்வியை ஒப்புக்கொண்டாள். நாமும் அந்த முடிவைத் தலைவணங்கி ஏற்போம்: தேநீரே சிறந்தது, அதில் சந்தேகமேயில்லை. எட்டு மாதம் ஒரு தாய் வாய்விட்டுக் கேட்டும் கிடைக்காத ஞாயிறு, அவளுடைய குடல் கேட்டதும் சம்பளத்தோடு கிடைத்ததே!