தக்கைச் சாமியாரும் தனபாலனின் செருப்பும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அடையாறு முகத்துவாரத்தில் எள் போட இடமில்லை. மயிலாப்பூரிலிருந்து ரிக்‌ஷாக்கள், தி.நகரிலிருந்து டாக்சிகள், கோடம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அத்தனை பேர் தோளிலும் தூண்டில் கோல். மீன்கள் தலையை நீட்டிப் பார்த்திருந்தால், படையெடுப்பு என்று பயந்து வங்காள விரிகுடாவையே காலி செய்துகொண்டு போயிருக்கும். மீன்களுக்குப் புத்தி உண்டு; வித்தியாசம் அதுதான்.

கூட்டம் வந்தது மீனுக்காக அல்ல, தக்கையானந்த சுவாமிகளுக்காக.

வருஷம் எழுபத்து நாலு. மனிதன் நிலாவில் நடந்துவிட்டுத் திரும்பி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இங்கே சுவாமிகள் தூண்டில் கோலின் தக்கைக் கைப்பிடிக்கு உயிர் இருக்கிறது என்று உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

"இயற்கைத் தக்கை மரத்தின் தோல். அதற்கு உயிர் உண்டு. நீ மனசில் நினைப்பதை அது மீனிடம் போய்ச் சொல்லும். செயற்கைத் தக்கை பிணம். பிணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்த மீன் வரும்?"

"எந்த மீன் வரும்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அதில் பலமாகப் போட்டுக்கொண்டவர் தனபாலன். தெற்கேயிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை போட்டவர். முழம் போட்டால் நூல் அளவு பிசகாது. தூண்டில் போட்டால் மட்டும் ஒன்றும் சிக்காது. பதினான்கு வருஷத்தில் அவர் பிடித்தது ஒரு கெளுத்தி, ஒரு கிழிந்த பனியன். இரண்டில் பனியன்தான் பெரிது.

அவருடைய கோலைச் செய்து கொடுத்தவர் மெஹபூப் அலி. மயிலாப்பூரில் சின்னக் கடை. அசல் தக்கை கப்பலில் வந்தால்தான் உண்டு என்ற காலம் அது. அதனால் ரப்பர் நுரையை வட்டம் வட்டமாக வெட்டி, அடுக்கி ஒட்டி, பளபளவென்று கைப்பிடி செய்வார். "ரப்பர்தான் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் விற்பார். அந்த ஒரு குற்றம் போதாதா? சுவாமிகள் வந்த மூன்று மாதத்தில், மெஹபூப் அலி செய்த கோல்கள் ஒவ்வொன்றாக ஹோமகுண்டத்துக்குப் போயின. புதிதாகக் கேட்டு ஒரு ஆளும் வரவில்லை. மிச்சமிருந்தது தனபாலனின் கோல் ஒன்றுதான். இன்றைக்கு அதற்கும் தேதி குறித்தாகிவிட்டது.

தனபாலன் போன மாதமே பட்டு வேட்டி ஒன்றைக் காணிக்கை வைத்து, சுவாமிகளிடம் உயிர்க் கைப்பிடி போட்ட கோல் வாங்கிவிட்டார். மீன் வரவில்லை. போய்க் கேட்டார். "வீட்டில் பிணம் கிடக்கும்போது உயிர் எப்படிப் பேசும்? பழையதைக் கொண்டுவந்து எரி" என்றார் சுவாமிகள். எத்தனை நியாயமான பதில்!

பந்தலுக்கு வெளியே எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். வாரா வாரம் அங்கே செருப்பு தொலையும். யாரும் கவலைப்படுவதில்லை. சந்நிதியில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்ததாக அர்த்தமாம். தனபாலனுக்கு மட்டும் இதுவரை ஆறு ஜோடிப் பீடை தொலைந்திருந்தது. கல்யாண மண்டபத்தில் மாறிவிடக் கூடாது என்று அவர் மனைவி சுலோச்சனா ஒவ்வொரு ஹவாய்ச் செருப்பிலும் கொண்டையூசியைக் காய்ச்சி 'சு' என்று சூடு வைத்திருந்தாள். பீடைக்கு எழுத்து தெரியவில்லை போலும்.

"போடப்பா நெருப்பில்!" என்றார் சுவாமிகள்.

வலது கையில் பழைய கோல், இடது கையில் உயிர்க் கோல். தனபாலன் கண்ணை மூடினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மெஹபூப் அலி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, வாணாம். நான் உங்களுக்குப் பொய் சொல்லி எதனா வித்துக்கிறனா?"

"நீரு நல்ல மனுசந்தான் பாய். உம்ம தக்கைதான் பொணம். நான் என்ன செய்ய?"

அப்போது கையில் நண்டுக் கூடையோடு முத்தம்மா உள்ளே நுழைந்தாள். ஆற்றங்கரைக் குடிசைக்காரி, பிறந்ததிலிருந்து அந்த முகத்துவாரத்தில் மீன் பிடிக்கிறவள்.

"இன்னா சாமி, வாரம் பூரா இன்னா நாத்தம் இது? ஒரு நண்டு கரைக்கு வர மாட்டேங்குது."

"அது பாவத்தின் புகை, அம்மா. பிணத் தக்கை எரிந்தால் கறுப்பாகத்தான் புகையும்."

"அப்ப உன் உசிருத் தக்கை எப்டி எரியும்?"

சுவாமிகள் ஒரு நொடி யோசித்தார். "சந்தனமாய் மணக்கும்."

"இம்புட்டுத்தானே? கொண்டா பாப்போம்!" தனபாலன் விழித்துக்கொள்வதற்குள் அவருடைய இடது கைக் கோல் அவள் கைக்குப் போய்விட்டது.

"தொடாதே! தீட்டு!"

"மீனு புடிக்கிற கோலு. மீனு புடிக்கிறவ தொட்டா தீட்டா? நல்லாக்கீதே நாயம்!"

கைப்பிடியை நெருப்பில் காட்டினாள். மேலே பூசியிருந்த மரத்தூளும் கோந்தும் பட்பட்டென்று வெடித்து உதிர்ந்தன. அப்புறம் கறுப்புப் புகை. அதே நாற்றம். சொட்டுச் சொட்டாக உருகியது சந்தனம்.

"மரத்துத் தோலு இப்டியா நைனா உருகும்?" என்று இடுப்புக் கத்தியை எடுத்துக் கீறிப் பிரித்தாள். உள்ளே வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று வட்டம் வட்டமாக ரப்பர். நடுவில் கழன்று வந்த ஒரு வட்டத்தில் சூடு வைத்த எழுத்து: சு.

தனபாலன் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார்.

"ஏலே! இது என் செருப்புல்லா!"

ஒரு மாதமாக அதைப் பூஜை அறையில் வைத்து, காலையும் மாலையும் கற்பூரம் காட்டியவர் அவர்.

அவ்வளவுதான். பந்தலில் ஆளாளுக்குத் தங்கள் உயிர்த் தக்கையை உடைத்தார்கள். "இது என் இடது கால்!" "வலது யாருகிட்ட சார் கீது?" மெஹபூப் அலி மரத்தூள் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். "கோடம்பாக்கத்துல சினிமா செட்டுக்கு மலை செய்ற பூச்சு இது" என்றார். அவர் நிமிர்வதற்குள் சுவாமிகள் பாலத்தைத் தாண்டிவிட்டார். ஓட்டத்தில் பாதக்குறடு ஒன்று கழன்று விழுந்தது. முத்தம்மா அதை அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள். அங்கே இருந்ததில் அசல் மரம் அது ஒன்றுதான்.

தனபாலன் பழைய கோலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "பாய், மன்னிச்சிரும். ஒண்ணு மட்டும் சொல்லும். அசல் தக்கை நல்லதா, ரப்பர் நல்லதா?"

"தக்கை கைக்கு இதமா இருக்கும். ரப்பர் தண்ணியில ஊறாது. உங்க கைக்கு எது சுகமோ அதப் புடிங்க அண்ணாச்சி."

"மீனுக்கு?"

முத்தம்மா சிரித்தாள். "மீனு கைப்புடியவா துன்னுது? புழுவத்தானே துன்னுது!"

வெயில் ஏறிவிட்டது. இன்றைக்கும் செருப்புகள் தொலைந்திருந்தன; கூட்டம் வெறுங்காலோடு தார் ரோட்டில் துள்ளித் துள்ளி வீடு திரும்பியது. பந்தல் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பாவது தூண்டில் கைப்பிடியாகத் திரும்பக் கிடைத்தது. பக்கத்திலேயே கழற்றிவைத்த மூளையை, போகும்போது எத்தனை பேர் எடுத்து மாட்டிக்கொண்டார்கள்?