சிக்னல் இல்லாத சீர்

"இடப்பக்கம் திரும்புங்கள்" என்றது போன்.

இடப்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று நின்றது. அதற்குப் பின்னால் தைலமரங்கள். அதற்கும் பின்னால் தைலமரங்கள்.

"என்னங்க, திரும்பச் சொல்லுது" என்றாள் வைஷ்ணவி.

"காதுல விழுது."

"புத்துக்குள்ளயா திரும்பப் போறீங்க?"

நிலவழகன் போனை எடுத்துத் திரையைச் சட்டையில் துடைத்தான். எந்தச் சிக்கலுக்கும் போனிலேயே வழி உண்டு என்பது அவன் கட்சி. புதுக்கோட்டையில் அவன் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், "அதுக்கு ஒரு ஆப் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பான். தண்ணீர் வந்ததில்லை, அது வேறு விஷயம்.

மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை; பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். அதற்குள், கறம்பக்குடிக்கு அப்பால் இந்தக் காட்டுக்குள் எங்கேயோ இருக்கும் அய்யனார் கோயிலில், தங்கை ராசாத்தியின் மகளைத் தாய்மாமனாக மடியில் உட்காரவைத்துக் காது குத்தியாக வேண்டும்.

தாமதத்தில் அவனுக்கு முன் அனுபவம் உண்டு. ராசாத்தியின் மூத்த பையனுக்கு மொட்டை போட்ட அன்று, நெரிசல் இல்லாத பாதை என்று போன் காட்டியதை நம்பிக் கீரனூரைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு வந்து சேர்ந்தான். அதற்குள் பெரியப்பா மகன் கண்ணுசாமியின் மடியில் பையனை வைத்து எல்லாம் முடித்திருந்தார்கள். அந்தப் போட்டோ இன்றைக்கும் ராசாத்தி வீட்டு ஹாலில் அகலமாகத் தொங்குகிறது. நடுவில் கண்ணுசாமி, மடியில் மொட்டைப் பையன். பின்னால் ஓரத்தில் ஒரு ஆள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான். அதுதான் நிலவழகன். வீட்டுக்கு வருகிறவர்கள் "அது யாரு?" என்று கேட்காமல் போவதில்லை. ராசாத்தியும் "அதுவா, என் கூடப்பொறந்த அண்ணன்" என்று சொல்லாமல் விடுவதில்லை. அதற்கப்புறம் வெகுநாள் அவள் இவனிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை.

இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நேரத்துக்கு வந்தா வா. இல்லாட்டி கண்ணுசாமி அண்ணன் மடி சும்மாத்தான் இருக்கு. இன்னொரு போட்டோவையும் பக்கத்துலயே மாட்டிருவேன்."

கண்ணுசாமியிடம் இருப்பது பட்டன் போன். எங்கே போவதானாலும் பஸ். கண்டக்டரிடம் கேட்பார், டீக்கடையில் கேட்பார், பதில் சொல்ல ஆளிருந்தால் பாலத்துக்கு அடியிலும் கேட்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் இன்னொரு தடவை தோற்பதா?

ராசாத்தியின் புகுந்த வீட்டார் திருச்சியில் போய்க் குடியேறி வெகுகாலமாகிறது. குலதெய்வத்தின் பெயர் ஞாபகம் இருந்தது, வழி ஞாபகமில்லை. அதனால் முந்தின நாள் குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் நிலவழகன் நீளமாகப் பேசி அனுப்பினான். "அங்கிட்டெல்லாம் டவர் கிடையாது. யாரும் கவலைப்பட வேணாம். நான் மேப்பை முழுசா டவுன்லோடு பண்ணி வச்சுட்டேன். நெட்டே தேவையில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் கோயில் வாசல்ல போய் நிப்பேன்."

ராசாத்தியின் புருஷன், மச்சான் ரகுநாத், கைதட்டும் பொம்மை அனுப்பினான். ராசாத்தி ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். காலையில் கார் எடுக்கும்போதே போனை ஃப்ளைட் மோடில் போட்டான்.

"நாம என்ன ஏரோபிளேன்லயா போறோம்?" என்று கேட்டாள் வைஷ்ணவி.

"எவனாச்சும் சும்மா சும்மா கூப்புட்டா மேப் மறையும். நெட்டே வேணாங்கிறப்ப டவர் எதுக்கு?"

அவன் அவசரப்படுத்திய அவசரத்தில் அவளுடைய போன் வீட்டிலேயே சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, அந்தக் காரோடு உலகத்தில் யாரும் பேச முடியாது.

புற்றுக்கு வணக்கம் வைத்துவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தான். போன் கொஞ்சம் யோசித்து வேறொரு பாதையைக் காட்டியது. அது முந்தினதைவிட ஒடுக்கம். முந்திரிக் கிளைகள் இரண்டு பக்கமும் கார் கதவை உரசின. வழியில் ராக்காயி என்ற ஒரு பொம்பளை ஆடுகளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்கள ஒரு வார்த்தை கேப்போம்ங்க."

"கேட்டா ஆளுக்கொரு வழி சொல்லுவாங்க. மேப்புக்கு ஒரே பேச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவன் முகம் மாறியது.

"பின்னால திரும்பாத" என்றான்.

அவள் உடனே திரும்பிப் பார்த்தாள். ஒரு வேன். வெள்ளை நிறமாக இருந்திருக்க வேண்டும், இவர்கள் கார் கிளப்பிய செம்மண் புழுதியில் செங்கல் நிறமாகியிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தார்கள்.

"அந்தப் புத்துகிட்டயே பாத்தேன். நாம நின்னா நிக்குது, போனா வருது" என்றான்.

வைஷ்ணவியின் மடியில் நகைப்பெட்டி இருந்தது. மருமகளுக்குத் தங்கத்தில் தோடும் சங்கிலியும். மொட்டைக்கு விட்டதையும் சேர்த்துச் செய்வதாக எண்ணி, கை மீறிச் செய்தது. அவள் பெட்டியை முந்தானையால் மூடினாள்.

"வழி கேக்க வராங்களோ என்னமோ."

"வழி கேக்கிறவன் நம்மகிட்ட வந்தா கேப்பான்?"

அவள் முந்தானையைப் பெட்டிமேல் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

வேன் நீளமாக ஹாரன் அடித்தது. லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தது. நிலவழகன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். போன் வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம். அது சொல்லாத இடத்திலும் இரண்டு திருப்பம் சேர்த்துத் திருப்பினான். போன் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பாதை கண்டுபிடித்தது. வேனும் ஒன்றையும் விடாமல் வந்தது.

"இந்த மோட்டார் ரூமை முன்னாடியே பாத்தோம்."

"எல்லா மோட்டார் ரூமும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எல்லா மோட்டார் ரூம்லயும் அதே சிவப்புத் துண்டா காயும்?"

அடுத்த சுற்றில் ராக்காயி ஆடுகளை முன்னதாகவே ஓரம் கட்டியிருந்தாள். அதற்கடுத்த சுற்றில் மரத்தடியில் வசதியாக உட்கார்ந்து, வெற்றிலை மடித்தபடி காத்திருந்தாள். கார் மெதுவானதும் குரல் கொடுத்தாள்.

"என்னய்யா, ஊர்கோலமா? சாமியைக் காணோம்?"

நிலவழகன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

"அந்த ஃப்ளைட் மோடையாவது எடுங்க. ராசாத்திக்காவது பேசுவோம். நாம வந்துக்கிட்டிருக்கோம்னு தெரிஞ்சா பொறுப்பா. இல்லேன்னா புள்ளையைத் தூக்கி அவரு மடியில வச்சுருவா."

எடுத்தான். டவர் இல்லை. இல்லாத டவரைத் தேடித் தேடிப் போன் தோசைக்கல்லாகச் சூடேறியது. பேட்டரி சிவப்புக்கு இறங்கியது. சார்ஜர் வயர் டிக்கியில், சீர்த்தட்டுகளுக்கு அடியில் இருந்தது. இறங்கி எடுக்கலாமென்றால் பின்னால் வேன்.

கடைசியாக ஒரு வேலை செய்தான். 'மிகக் குறுகிய பாதை' என்பதைத் தொட்டான்.

போன் ஒரே நேர்கோடாகப் போட்டுக் காட்டியது. கூப்பிடு தூரத்தில் கோயில்.

"பாத்தியா? பொறுமையா இருந்தா எல்லாம் காட்டும்" என்றான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் குரலில் பழைய தெம்பு வந்தது. "நேராகச் செல்லுங்கள்" என்றது போன். மரங்கள் விலகின. மேடு ஒன்று ஏறி இறங்கியது. நிலவழகன் பிரேக்கின்மேல் ஏறி நின்றான்.

எதிரே கண்மாய். கோடையில் அது வறண்டு கிடக்கும்போது டிராக்டர் குறுக்கே போன தடத்தை எந்தப் புண்ணியவானோ மேப்பில் ஏற்றியிருக்கிறான். இப்போது தை மாசம், கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. திரையில் கோடு தண்ணீரில் இறங்கி அக்கரையில் ஏறியது. பாதி வழியில், இவர்கள் போயிருக்க வேண்டிய இடத்தில், ஒரு கொக்கு நின்றது.

முன்சக்கரங்கள் சேற்றில் மெதுவாக உட்கார்ந்தன.

"நேராகச்" என்ற போன் மீதியைச் சொல்லாமல் அணைந்தது.

பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி நேரம். அக்கரையில் எங்கேயோ ராசாத்தி வாசலைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பாள். கண்ணுசாமி வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டிருப்பார். போட்டோக்காரன் "மாமா, இங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பான். இரண்டாவது போட்டோவில் தான் செருப்போடுகூட இருக்கப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்தபோது நிலவழகன் அணைந்த போனை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தான்.

"என்னங்க" என்றாள் வைஷ்ணவி மெதுவாக. "வந்துட்டாங்க."

வேன் மேட்டிலிருந்து இறங்கி, திரும்பிப் போக இருந்த ஒரே தடத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது.

வைஷ்ணவி தோட்டையும் சங்கிலியையும் எடுத்து அதிரச டின்னுக்குள் ஆழமாகப் புதைத்தாள். நிலவழகன் கைக்கு எது கிடைக்கும் என்று தேடினான். பழக்கூடையில் தேங்காய் இருந்தது. நல்ல கனமாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய இறங்கி நின்றான்.

வேனின் முன்கதவு திறந்தது. ஒரு ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

"கிட்ட வராத" என்று தேங்காயை ஓங்கினான் நிலவழகன்.

வந்தவன் நின்றான். தேங்காயைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். பிறகு மரியாதையாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

"இங்கயே ஒடைக்கணுமா சார்?"

"யாருய்யா நீ? எதுக்கு எங்க பின்னாலயே வர?"

"பிச்சைங்க. திருச்சி வேன் டிரைவர். கறம்பக்குடி தாண்டி உங்க காரைப் பாத்ததுமே உங்க தங்கச்சி சொல்லிருச்சு. 'அந்தா போறது எங்க அண்ணன் காரு, நெட்டு இல்லாமலே அதுக்கு வழி தெரியும், விட்டுறாம பின்னாடியே போ'ன்னுச்சு. நானும் விடலைங்க. நீங்க ஏன் ஒரே எடத்தைச் சுத்துறீங்கன்னு கேக்கத்தான் அம்புட்டு ஹாரன் அடிச்சேன். குலதெய்வத்துக்கு இப்புடிச் சுத்திட்டுத்தான் போகணும் போலன்னு உங்க மச்சான் சொன்னாரு."

தேங்காய் ஓங்கிய கை தானாக இறங்கியது. வேனுக்குள் திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"ராசாத்தி கோயில்ல இல்லையா?" என்றான் நிலவழகன்.

"டவர் போறதுக்கு முந்தி, கண்ணுசாமி அண்ணன் அங்க எங்கயோ மேடேறி நின்னு, போன்ல வழி சொல்லவான்னுதான் கேட்டாரு, 'எங்க அண்ணன் முன்னால போகுது, வேணாம்'னு உங்க தங்கச்சிதான் போனை வச்சிருச்சு" என்றான் பிச்சை. "புள்ள, ஆசாரி, போட்டோக்காரரு, பொங்கப் பானை அம்புட்டும் உங்க பின்னாலதான் சார் வாரோம், கோயில்ல காலையிலேருந்து அவரு ஒருத்தருதான், பஸ்ல போயி எறங்கி, வெறும் மடியோட உக்காந்திருக்காரு."