முடி கொட்டும் என்பதை மறைத்து அனுப்பிய முயல் பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

முடி கொட்டும் என்பதை மறைத்து என் வீட்டுக்கு ஒரு முயலை அனுப்பியிருக்கிறீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடிகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மாவின் தும்மல் நின்றிருக்கும். நிற்காமல் என்ன, முயல்தான் இங்கே வந்துவிட்டதே.

பெண் கொடுத்தபோது நீங்கள் எதையும் மறைக்கவில்லை. முன்கோபம் உண்டு என்றீர்கள், உண்டு. காலையில் எழமாட்டாள் என்றீர்கள், எழுவதில்லை. அவ்வளவு நேர்மையான மனிதர் முயல் விஷயத்தில் இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உங்கள் முயல் வந்து இறங்கிய அன்றே என் வேலை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் கடிகாரம் பிரிப்பதை மூக்கை ஆட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கும். மருமகள் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாள். நான் முயல் என்றே சொல்கிறேன். அது வந்ததில் ஒரே ஒரு லாபம், கூண்டின் மேல் கட்டியிருந்த தடித்த காகிதத்தை எட்டாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினேன், மேசையின் நாலு வருஷ ஆட்டம் நின்றது.

மூன்றாம் வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. சட்டையில் முடி, மூக்குக் கண்ணாடியில் முடி, தேநீரில் முடி. முயலின் விலாவில் ஒரு கொத்து துருத்திக்கொண்டு நின்றது. பிரிந்த நூல் மாதிரி இருக்கிறதே என்று லேசாக இழுத்தேன். கை நிறைய வந்துவிட்டது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று துருத்தியது, அதையும் இழுத்தேன், அதுவும் வந்தது, எங்கேயோ ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டோம், இனி முழு முயலும் பிரிந்துவிடும் என்று எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. உதிர்ந்ததை மறைக்க, கடிகாரத் தூசி ஊதும் ரப்பர் குமிழை எடுத்து ஊதினேன். அது செய்திருக்கக் கூடாத காரியம். அறை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. மேசையில் அப்போது ஒரு நர்ஸம்மாவின் கைக்கடிகாரம் திறந்து கிடந்தது.

நான்காம் நாள் அந்த அம்மா திரும்ப வந்தார். "ஏங்கய்யா, குளிருமேன்னு உள்ள பஞ்சு வச்சு மூடிட்டீங்களா?" என்றார். யாரிடமும் தொழில் படிக்காமல், கெட்ட கடிகாரங்களையே பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன் நான். நாற்பது வருஷத்தில் என் கையிலிருந்து போன கடிகாரம் ஒன்று நின்று திரும்பியது இதுதான் முதல் தடவை.

அன்று மாலையே முடிவெடுத்தேன், குளிப்பாட்டினால் கொட்டுவதெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும் என்று. வெதுவெதுப்பான நீரில் வயிறு வரை இறக்கினேன். அது கத்தவில்லை, கடிக்கவில்லை. கையில் துணி மாதிரி துவண்டுவிட்டது. வேலை முடிந்து வந்த மருமகள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மாமா! அது என்ன வாட்ச்சா, கழட்டிக் கழுவி மாட்டறதுக்கு?" முன்கோபம் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான்.

மறுநாள் முயல் புல்லைத் தொடவில்லை. புழுக்கையும் போடவில்லை. மேசைக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மேற்பார்வை இல்லை. எனக்கு ஒரு திருகாணிகூட ஒழுங்காக நிற்கவில்லை. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"முயல யாராவது குளிப்பாட்டுவாங்களா பெரியவரே? பயத்துலயே செத்துப் போயிருக்கும். இப்ப முடி மாத்துற நேரம். தன்னையே நக்கி நக்கி அந்த முடிய முழுங்குது. அதுக்கு வாந்தி எடுக்கவும் வராது. தினம் சீவி விடணும், காஞ்ச புல்லு எந்நேரமும் இருக்கணும். குடுத்தவங்க இதெல்லாம் சொல்லலையா?"

"சொல்லல."

"எழுதியாவது குடுத்தாங்களா?"

"ஒரு எழுத்து குடுக்கலம்மா. சத்தியமா."

இரண்டு நாள், ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் ஏற்றிக் கடைவாயில் விட்டேன். கடிகாரத்துக்குச் சொட்டு எண்ணெய் விடும் கை என்பதால் சிந்தவில்லை. இன்று காலை பதினொரு புழுக்கை போட்டது. கடையைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் மனசு ஆறவில்லை. உயிர் போகிற விஷயத்தை ஒருவர் மறைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வந்து உங்கள் முயலை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். என் முடிவு மாறாது.

நீங்களும் சம்பந்தியம்மாவும் தும்மலின்றி நீடு வாழ வேண்டும் என்று விரும்பும்,
உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: இங்கிருந்து என் எழுத்து கோணலாக இருப்பதற்கு வயது காரணமல்ல. மேசை ஆடுகிறது. முடி கூட்ட வந்த மருமகள் காலுக்கடியில் இருந்த காகிதத்தை உருவிவிட்டாள். பிரித்துப் பார்த்து, "மாமா, இது எங்கப்பா எழுத்து" என்றாள். மூன்றாவது வரியில், சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள்: முடி கொட்டும், தினமும் சீவவும், குளிப்பாட்டவே கூடாது. எழுத்து மிகவும் சிறியது என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆகவே: நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம், கூடை கொண்டுவரக் கூடாது, காய்ந்த புல் கொண்டுவர வேண்டும், அந்தக் காகிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும். மருமகள் டாக்டரம்மாவிடம் வாயைத் திறக்கக் கூடாது. என் மகன் மேசைக் காலுக்கு மரத்துண்டு ஒன்று செதுக்க வேண்டும். நான் தினமும் காலையில், கடையைத் திறக்கும் முன், கையை நனைத்துத் தடவி, மெல்லிய சீப்பால் சீவிவிட வேண்டும். நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதும் நான்தான். எங்கள் சூப்பர்வைசர் சாப்பிட வேண்டும். அது போதும்.