குறை மாஸ்டரின் குழைந்த சோறு

கம்பம் பள்ளத்தாக்கில் செத்துப்போனவர்களைப் பற்றிக் குறை கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட அடி வாங்காமல் தப்பித்தவர் ஒருவர்தான். சின்னமனூரில் கருமாதிச் சாப்பாடு சமைத்துக்கொடுத்த குறை மாஸ்டர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் வரமாட்டார். சந்தோஷமாக இருப்பவர்கள் எதைப் போட்டாலும் தின்பார்கள், அதற்கு நான் எதற்கு என்பார். பதினாறாம் நாள் காரியம் என்றால் மட்டும், சொல்லிவிட்ட மறுநாளே பழைய மொபெட்டில் வந்து இறங்கிவிடுவார். இறந்தது வீட்டுக்காரம்மா என்றால், அந்தம்மா கைப்பக்குவத்தில் ஒரு குழம்பாவது பந்தியில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதற்காக மாலை போட்ட படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டை விரித்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தம்மா சமையலில் என்ன குறை?

பக்கத்து ஊரில் ஒரு மருமகள் அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் பத்துக் குறை சொல்லி, அதில் நாத்தனாருக்கும் அவளுக்கும் சண்டை முற்றி, காரியத்தையே இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள் என்று சொல்வார்கள். பாதியாவது உண்மையாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அனுமந்தன்பட்டி வீட்டில் அப்பா காப்பியைத் தவிர எதையும் ஒழுங்காகத் தொடவில்லை. நான் தேனியில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, இட்லி, கஞ்சி, ரசம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அம்மாவுக்குப் பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "உங்க அம்மா சமையல்ல என்ன தாயி குறை?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஒரு குறையும் கிடையாது என்று வெடுக்கென்று சொன்னேன். அத்தை எழுந்தே நின்றுவிட்டாள். செத்தவளைக் குத்தம் சொல்லவா உங்களைக் கூப்பிட்டு விட்டோம் என்று கேட்டாள். மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. நல்லா இருந்துச்சு என்பதை வைத்துக்கொண்டு ஒரு ரசம்கூட வைக்க முடியாது, எல்லா வீட்டிலும்தான் நல்லா இருந்துச்சு என்று சொல்லி, நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

அப்போது அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"மொச்சைக் கொழம்புக்குப் புளிய முந்தியே ஊத்திருவா. அப்புறம் மொச்சை எங்கிட்டு வேகும்? கடைசி வரைக்கும் நறுக்கு நறுக்குன்னு கெடக்கும்."

மாஸ்டர் மறுபடியும் உட்கார்ந்தார். "எத்தனை வருசமா அய்யா?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து."

அந்தப் பன்னிரண்டு நாளில் அப்பா சேர்ந்தாற்போலப் பேசியது அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் பந்தியில் அந்த மொச்சைக் குழம்பு வந்தது. சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சமையலுக்கு வேறு ஆள் சொல்லியிருக்கலாம் என்று சித்தப்பா சத்தமாகவே சொன்னார். அப்பா ஒரு மொச்சையை வாயில் போட்டுக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார். மாஸ்டர் காலில் விழலாமா என்று இருந்தது எனக்கு. விழாததற்குக் காரணம் சோறு. களி மாதிரிக் குழைந்து கிடந்தது.

ஊருக்கே விளங்காத விஷயம் அது. குழம்பில் அத்தனை நுணுக்கம் பார்க்கிற மனிதருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. எந்த வீட்டுக் காரியத்திலும் அவர் சோறு குழையாமல் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலைகளில் தன் தகர ஷெட்டில் அவர் சமையல் வகுப்பும் நடத்தினார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஆண்களுக்கு மட்டும். அப்பாவை நான்தான் பிடித்துத் தள்ளாத குறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஏழெட்டுப் பேர் அடுப்புக்கு ஒருவராக நின்று, யார் வீட்டம்மா மோசமாகச் சமைத்தது என்று போட்டி போடுவார்கள். ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் தன் வீட்டுப் பொரியல் கருகாத நாளே இல்லை என்பார். வாழைத்தார் வியாபாரி ஒருவர், கருகினாலாவது அது பொரியல் என்று தெரியும், எங்கள் வீட்டில் அதுவும் தெரியாது என்பார். மாஸ்டர் கண்டக்டர் பக்கம் வந்து நிற்பார்.

"இப்ப எறக்கிறாதீக. சீரியல்ல விளம்பரம் போட்டாத்தான உங்க வீட்டம்மா எந்திரிச்சு வருவாக? அம்புட்டு நேரம் கெடக்கட்டும்."

கண்டக்டர் கரண்டியோடு நின்று பீன்ஸ் கருகுவதைப் பார்ப்பார். கண்ணில் தண்ணீர் வரும். புகை என்பார்.

நாலு மாதத்தில் அப்பா தானே சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். வேட்டி இடுப்பில் நின்றது. எனக்கும் தேனியில் தூக்கம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தவளுக்கு மாஸ்டர் ஒரு தட்டுப் போட்டார். அதே களி. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஊரில் உள்ளவர்கள் குறையையெல்லாம் நோட்டில் எழுதுகிறீர்கள், உங்கள் குறையை யாரும் சொல்லவில்லையா, சோறு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"அது என் குறை இல்ல தாயி," என்றார் மாஸ்டர். "நான் பெரிய சமையக்காரன்ல. எங்க வீட்டம்மாவ அடுப்புப் பக்கமே விட்டதில்ல. சோறு மட்டும் அவ வடிப்பா. கொழைச்சிருவா. தெனமும் ஏசுவேன். அவ போன அன்னைக்குக் காலைலயும் ஏசிட்டுத்தான் கெளம்புனேன்."

எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். நான் தட்டைக் காலி செய்தேன்.

போன தை மாதம் மாஸ்டர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தங்கச்சி மகன் கம்பத்திலிருந்து வந்து பதினாறாம் நாள் காரியம் வரை முறைப்படி எல்லாம் செய்தார். பாவம், மாமாவுக்குக் குறை இருக்கக் கூடாது என்று தேனியிலிருந்து பெரிய கேட்டரிங் சொல்லியிருந்தார். பனியனும் தொப்பியும் ஒரே நிறத்தில் போட்ட ஆட்கள் பரிமாறினார்கள். செவ்வாய்க்கிழமைக்காரர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்தது. ஒரு பருக்கை இன்னொரு பருக்கையோடு ஒட்டவில்லை. ஒருவரும் கை வைக்கவில்லை.

அப்பா எழுந்து சமையல் நடக்கிற பின்பக்கம் போனார். ஏதோ வம்பு செய்யப்போகிறார் என்று நானும் ஓடினேன். அடுத்த உலையை வடிக்கப்போன ஆளை அப்பா கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"இன்னங் கொஞ்ச நேரம் கெடக்கட்டும் தம்பி."

"கொழைஞ்சிரும்யா. எங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"கொழையட்டும். இந்த வீட்ல அப்படித்தான்."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அப்பாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினார். கண்டக்டர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, ரொம்ப மோசம் என்றார். வாழைத்தார் வியாபாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆமாம் என்றார். எல்லாரும் குனிந்து சாப்பிட்டார்கள். கடைசியில் அப்பா என் இலைக்கு வந்து, இவள் ஏதாவது சொல்லுவாள் என்று என் முகத்தைப் பார்த்தபடி ஒரு கரண்டி வைத்தார்.

நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.