சி. கனகலிங்கத்துக்கு ஒரு நாற்காலி

“சலஞ்ச்!” என்றார், குற்றவாளிக் கூண்டில் நின்றவனின் வழக்கறிஞர்.

ஜூரிகளின் இருக்கையை நோக்கி நடந்துகொண்டிருந்த கனகலிங்கம் நின்றார். சபையில் ஒருவன் சவால் விட்டால் பின்வாங்குவது அவருடைய பரம்பரையிலேயே கிடையாது.

“ஐ அக்செப்ட்!” என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

நீதிபதி இருமினார். நீதிமன்ற ஊழியை பியற்றிஸ் கையைப் பிடித்து அவரை வெளியே கூட்டிப்போனாள். காரணம் சொல்லாமலே மூன்று ஜூரிகள்வரை வேண்டாமென்று விலக்கக் கூண்டில் நிற்பவனுக்கு உரிமை உண்டாம். அதற்குப் பெயர்தான் சலஞ்ச்.

அது 1987. ஜூரியாக வரச்சொல்லி, ‘சி. கனகலிங்கம்’ என்று பெயரிட்டு அரசாங்கக் கடிதம் லண்டன் இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் நிலத்தில் கால் பாவி நடக்கவில்லை.

“இஞ்சருங்கோ, உங்கட பெயர் அவைக்கு எப்பிடித் தெரியும்?” என்று மனைவி சிவனேஸ்வரி கேட்டாள்.

“மகாராணியின்ர ஆக்களுக்குத் தெரியாத பெயரே! நீர் அந்தக் கோட்டை அயர்ன் பண்ணும்.”

ஆறு வருடத்துக்கு முன் ஹீத்ரோவில் ஓர் அதிகாரி ஏழு மணி நேரம் அவரை இருத்தி வைத்து, இந்த ஆள் சொல்வது உண்மையா பொய்யா என்று தன் தாடையைத் தடவி யோசித்தார். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு கனகாலம் யாராவது கதவைத் தட்டினாலே, திருப்பி அனுப்ப வந்துவிட்டார்களோ என்று லைட்டை அணைத்துவிடுவார். ஒருநாளாவது தீர்மானிக்கிற பக்கத்து நாற்காலியில் இருந்தே தீருவது என்று இப்போது முடிவுகட்டிவிட்டார்.

“கோட்டும் சூட்டுமாய்ப் போனால் பொலிஸ்காரன்ர மச்சான் எண்டு நினைப்பாங்கள், அண்ணை” என்றான், பெற்றோல் ஷெட்டில் கூட வேலை செய்யும் வாசுதேவன். “ஏழை பாழையாய்ப் போங்கோ.”

அடுத்த வழக்குக்கு முழங்கை கிழிந்த சுவெற்றர், மூன்று நாள் தாடி. இந்தமுறை அரச தரப்பு வழக்கறிஞர் எழுந்தார்.

“ஸ்ராண்ட் பை!”

பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறார் என்று கனகலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. நேரே போய் அந்த வழக்கறிஞரின் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டார். அரச தரப்பு ஒருவரை விலக்கும்போது அப்படித்தான் சொல்லுமாம். மறுபடியும் பியற்றிஸ்தான் வந்து கூட்டிப்போனாள்.

“சூட்டும் சரிவரேல்லை, தாடியும் சரிவரேல்லை” என்றார் வீட்டில். “ரெண்டையும் சேர்த்துப் போடுறன்!”

“நான் ஒண்டு சொல்லட்டே...”

“உமக்குச் சட்டம் விளங்காது.”

மூன்றாம் வழக்குக்குத் தாடியும் சூட்டுமாகப் போனார். இரண்டு வழக்கறிஞர்களும் ஒரே நேரத்தில் எழுந்து, “நீங்கள் சொல்லுங்கள்”, “இல்லை, நீங்களே சொல்லுங்கள்” என்று உபசாரம் பண்ணினார்கள்.

கடிதத்தில் குறித்திருந்த கடைசி நாளன்று சிவனேஸ்வரி சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு தானும் புறப்பட்டாள். “என்ர மனுசனிலை என்ன குறை கண்டவையெண்டு நானும் பாக்கிறன்.”

பியற்றிஸுக்கே பாவமாகப் போய்விட்டது. “இன்றைக்கு உங்களை உள்ளே அனுப்பாமல் விடமாட்டேன், மிஸ்டர் கனகலிங்கம்” என்று, பெயரைச் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கி வந்தாள். “ஜூரிகளை வாக்காளர் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறோம். இதோ உங்கள் வீட்டு இலக்கம். ஒரே ஒரு பெயர். சிவ...”

“சிவகுரு. அப்பாவின்ர பெயர். அதுதான் என்ர முதலெழுத்து.”

“இல்லையே. சிவ-னேஸ்-வரி கனகலிங்கம்.”

“யேஸ், மிஸ்!” என்று பள்ளிக்கூடப் பழக்கத்தில் எழுந்து நின்றாள் மனைவி.

சோற்றுப் பார்சல் கனகலிங்கத்தின் கைக்கு வந்தது. கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவர் உள்ளே பார்த்தார். சேலைக்கு மேல் கார்டிகன் போட்டுக்கொண்டு சிவனேஸ்வரி நடந்து போனாள். வழக்கறிஞர்கள் இருவரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தார்கள். ஏழாம் நாற்காலி. அவருடைய நாற்காலி. அழுகை வரும்போல இருந்தது.

மதிய இடைவேளைக்கு அவள் வெளியே வந்ததும் வராததுமாகக் கேட்டார்:

“அதெப்பிடியப்பா, உம்மட பெயர் இருக்கு, என்ர பெயர் இல்லை?”

சிவனேஸ்வரி பார்சலை அவிழ்த்தாள்.

“பட்டியல் எழுதக் கவுன்சில்காரன் வந்து கதவைத் தட்டேக்கை, ‘நான் இஞ்சை இல்லையெண்டு சொல்லும்’ எண்டு கட்டிலுக்குக் கீழை போய்ப் படுத்தது நீங்கள்தானே?”