வாசலில் நின்ற நொச்சியார்

புதுக்கோட்டையில் மூக்கு வைத்துக்கொண்டு பிறந்த எவரும் நொச்சியாரிடமிருந்து தப்பியதில்லை.

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். யாராவது தும்மினால் போதும். இட்லிச் சட்டியில் நொச்சியிலையைப் போட்டுக் கொதிக்கவைத்து, தும்மியவர் தலைமேல் கம்பளியைப் போர்த்திவிடுவார். "இழுங்க! நல்லா இழுங்க!" மிளகாய் நெடிக்குத் தும்மிய போஸ்ட்மேன்கூட அரைமணி நேரம் வெந்துதான் வெளியே வந்தார். மறுநாள் அதே சட்டியில் இட்லி. ஒரு வாய் தின்றால் மூக்கடைப்பு விட்டுவிடும்.

போன வருஷம் என் மனைவிக்குப் புற்றுநோய், கீமோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வைரஸ் காய்ச்சல் வந்து, நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைப்பாளா என்பதே சந்தேகமாக இருந்தது. நொச்சியார் சட்டியும் இலைக்கட்டுமாக பஸ் ஏறி வந்து வார்டு வாசலில் நின்றார்.

"தங்கச்சிய அஞ்சு நிமிசம் என்கிட்ட விடுங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா விரட்டவில்லை. "செடியில இருக்குற மருந்துச் சத்தப் பிரிச்செடுத்து மூச்சு வழியா குடுக்கலாமான்னு ஆராய்ச்சி நடக்குதுங்க ஐயா. இன்னும் உறுதியாகல. இவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கம்மி. ஒங்க எலையில ஒட்டியிருக்குற பூஞ்சையே போதும், அடுத்த நோய் வர."

பெற்ற பிள்ளைமேல் போலீஸ் புகார் வந்ததுபோல இலைக்கட்டைப் பார்த்தார். "அப்ப நான் என்னதாங்க செய்யட்டும்?"

"இருமுறவங்க யாரும் உள்ள வராமப் பாத்துக்கங்க."

போதாதா? அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் செக்போஸ்ட். "மூச்ச இழுங்க... கரகரங்குதே. அங்கிட்டுப் போங்க!" கீரமங்கலத்திலிருந்து என் மச்சினர் பலாப்பழத்தோடு வந்தார். பழம் மட்டும் என் கைக்கு வந்து சேர்ந்தது.

"கூடப் பொறந்தவன்யா நான்!"

"பொறந்தீங்க சரி, இருமாம வந்திருக்கணும்ல?"

மருந்தும் ஆக்சிஜனும் மெல்ல வேலை செய்தன. மனைவி எழுந்து ஜன்னல்வரை நடந்த காலையில், கீழே அவரைப் பார்த்துவிட்டாள். "அண்ணே ஒரு தடவகூட உள்ள வரலையே, கூட்டிட்டு வாங்க."

ஓடிப்போய்க் கூப்பிட்டேன். இரண்டடி பின்வாங்கினார்.

"வேணாங்க. மொத நாளே ஒரு தடவ இருமிட்டேன். ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். எனக்கு அவரை அப்படியே கட்டிப்பிடிக்க ஆசை. கிட்டேயே விடவில்லை மனுசர்.